பதினெட்டுச் சாயங்காலம்

பிரிட்டோ அந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தபோது பெட்டியில் வழக்கமான சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் இல்லை. பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மெஷின் இருந்தது. சட்டை, ஜெர்கின் எல்லாவற்றையும் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். காபி போடுகிற மெஷின் என்றுதான் சகாயசெல்வி முதலில் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"காபி இல்லம்மா, பீரு," என்றான் பிரிட்டோ.

அவள் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையை உயர்த்தினான்.

"கத்தாத. முழுசாக் கேளு. அப்பாவ நிறுத்தச் சொல்லி இருபது வருசமாச்சு. நிறுத்தல. இப்ப ஸ்கூட்டரோட விழுந்து ரோட்டுல கெடந்திருக்காரு. பிராந்திய விட்டுட்டு பீருக்கு வரட்டும். வெளிய போக வேணாம், வீட்டுலயே குடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலு, ரெண்டு கிளாஸு. நீயே ஊத்திக் குடு. அளவு ஒங்கையில இருக்கும்ல?"

"நான் ஊத்திக் குடுக்கணுமா?"

"அவரு ரோட்டுல கெடக்குறதுக்கு இது தேவலாமில்லையா?"

இரண்டு மாதத்துக்கு முன்பு வத்தலக்குண்டு ரோட்டில் ராயப்பராஜ் விழுந்து காறை எலும்பு முறிந்து கிடந்ததை யாரோ ஒரு லாரி டிரைவர் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒன்பதுக்குத் திரும்புவார். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவரோ கை நீட்டுகிறவரோ இல்லை. வந்து, தட்டில் போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதை எல்லாம் எழுதி வைத்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு நிறையாது.

ராயப்பராஜிடம் மகன் விஷயத்தைச் சொன்னபோது மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸ்டோரில் புதுச் சாமான் வந்து இறங்கியதைப் பார்க்கிற பார்வை.

"சரி," என்றார்.

திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் அதை வைக்கத் தோதாக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில்தான் பிளக் பாயின்ட். பிரிட்டோ அங்கே வைத்து அம்மாவுக்குச் செய்து காட்டினான். குளிர்ந்த பாட்டிலைத் திறந்து உள்ளே நிறுத்த வேண்டும். மெல்லிய குழாயைப் பாட்டிலின் அடிவரை விட வேண்டும். மூடியை அழுத்தி மூடி, சுவிட்சைப் போட வேண்டும். கைப்பிடியை முன்னால் இழுத்தால் பீர் வரும். பின்னால் தள்ளினால் நுரை மட்டும் வரும். கிளாஸைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், முக்கால் கிளாஸ் வந்ததும் நிமிர்த்த வேண்டும், கடைசியில் இரண்டு விரல்கடை நுரை. முடிந்ததும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்து ஒரு முறை ஓட்டிக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் மறுநாள் புளித்த நாற்றம் அடிக்கும்.

சகாயசெல்வி ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். எதையும் ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். பிரிட்டோ ஊருக்குப் போகும்முன் அவனைவிட நன்றாக ஊற்றப் பழகிவிட்டாள். அதில் அவளுக்கு வெட்கமும் இருந்தது.

ராயப்பராஜ் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்துக் கொண்டுவருவார். பிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் படுக்க வைப்பார். சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவி, விளக்கைப் போட்டதும் ஆறரை மணிக்கு அடுப்படிக்கு வருவார். கிளாஸை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அடுப்படியில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் ராத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கக் காய் நறுக்குவாள். அவர் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வாரத்தில் ஒருநாள், "இது எப்புடி நுரைய மட்டும் தனியாத் தள்ளுது?" என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதிலிருந்து மில்லில் ஒரு பழைய மெஷினைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மெஷினிலிருந்து ஒரு பிட்டர், அந்தப் பிட்டர் கட்டிய இரண்டு கல்யாணம். அவள் சிரித்துவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் சொன்னார்.

இரண்டு கிளாஸ்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியிலும் போகவில்லை. ஏப்ரல், மே, ஜூன் என்று அப்படியே போயிற்று. பள்ளியில் கடைசி மணி அடிக்கும்போதே தனக்கு வீட்டு ஞாபகம் வருவதைச் சகாயசெல்வி கவனித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் பஸ்ஸில் ஏறியதும், இன்றைக்கு என்ன சொல்வார் என்று மனசு போய்விடும்.

ஜூன் கடைசியில் பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளை வீறிட்டு அழுத சத்தம் அடுப்படி ஜன்னல் வழியாக வந்தது. ராயப்பராஜ் இரண்டாவது கிளாஸில் பாதியில் இருந்தார்.

"நம்ம புள்ளைக்கு இம்புட்டுச் சத்தம் வராது," என்றார்.

சகாயசெல்வியின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

அவர் சொன்னது பிரிட்டோவை அல்ல. பிரிட்டோவுக்கு முன்னால் பிறந்த பெண் பிள்ளையை. பதினோரு நாள் இருந்தது. அப்போது சகாயசெல்வி வயிற்றைக் கிழித்த தையலோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளைக்கு மூச்சு திணறுகிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ராயப்பராஜும் அவர் அண்ணன் சூசையும் வாடகைக் காரில் கொண்டுபோனார்கள். மறுநாள் வெறும் கையோடு திரும்பி வந்து நின்றார்கள். எங்கே இறந்தது, எப்போது இறந்தது, எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் எதையும் பேசக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். பிறகு அவள் கேட்டபோதெல்லாம் ராயப்பராஜ் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் குடிக்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். நாளடைவில் அவள் கேட்பதை விட்டாள்.

இப்போதும் அவள் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. கத்தியை மெதுவாக நகர்த்தி வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பூனக்குட்டி மாதிரிதான் அழுகும்," என்றார் அவர். பிறகு கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்துபோனார்.

அதன் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டாவது கிளாஸில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒருநாள் காரைப் பற்றி. அம்பாசிடர், பின் கதவு சரியாகச் சாத்தாது, சூசை கயிறு போட்டுப் பிடித்திருந்தார். இன்னொரு நாள் நர்ஸ் சுற்றிக் கொடுத்த துண்டைப் பற்றி. மஞ்சள் துண்டு, ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை. வேறொரு நாள், பிள்ளையின் கை தன் சுண்டு விரலைப் பிடித்திருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். படுக்கையில் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்ப்பாள். கார் இன்னும் மதுரை போய்ச் சேரவில்லை.

ஜூலை கடைசியில் அவர் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. உடம்பெல்லாம் அரிப்பு என்று சொறிந்துகொண்டிருந்தார். அவள் நச்சரித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் அவர் வரவில்லை. "நீ வர்ற வழியில வாங்கிட்டு வந்துரு," என்றார். பள்ளி விட்டதும் அவளே வாங்கி, அப்படியே டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காகிதத்தை இரண்டு முறை புரட்டினார்.

"ஈரல் சுருங்கிருச்சும்மா. பல வருசக் குடி. இன்னையோட நிறுத்தணும். ஒரு சொட்டுகூட ஆகாது."

"பீருதான் டாக்டர் இப்ப. ரெண்டு கிளாஸு..."

"பீராவது பிராந்தியாவது. எல்லாம் ஒண்ணுதான். உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கியிருக்கான்னு பாக்கணும். மதுரைக்கு எழுதித் தாரேன். இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. அதுக்குள்ள வெடிச்சா ஆபத்து."

சகாயசெல்வி காகிதத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது ஆறரை தாண்டியிருந்தது. ராயப்பராஜ் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலைத் தானே எடுத்து மேடையில் வைத்திருந்தார். மெஷினைத் தொடவில்லை. அவள் வந்து ஊற்றட்டும் என்று காத்திருந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார். பிறகு அவள் வாயைத் திறக்கும்முன், "செல்வி, அந்தக் காரு கொடைரோடு தாண்டுனதும் நின்னுச்சு," என்றார்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"ஏன் நின்னுச்சு?"

"ஊத்து, சொல்றேன்."

அவள் ஊற்றினாள்.

அன்றைக்கு அவர், கார் நின்றது தன்னால்தான் என்பதுவரை சொன்னார். அதற்கு மேல் போகவில்லை. எழுந்து போகும்போது, "ரிப்போர்ட்டு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்காம். உப்பைக் கொறைக்கச் சொன்னாரு," என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் வியாழக்கிழமை, பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், வீட்டில் இருப்போம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பிரிட்டோ போனில் வந்தான், அப்பாவும் மகனும் சிரித்துப் பேசினார்கள். அந்த முகத்தை எப்படிக் கெடுப்பது என்று இருந்தது. பிறகு பள்ளியில் தேர்வு வந்தது, அதன் பிறகு மாதா திருநாள். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். இந்த மெஷினை எடுத்து உள்ளே வைத்த அன்றைக்கு அவர் ஹாலுக்குப் போய்விடுவார். கார் கொடைரோட்டிலேயே நின்றுவிடும்.

அவளால் முடிந்த தந்திரத்தைச் செய்தாள். கைப்பிடியைப் பின்னால் தள்ளித் தள்ளி, பாதி கிளாஸ் நுரையாகவே நிரப்பினாள். பாட்டிலில் கால்வாசியை அவர் அடுப்படிக்கு வரும்முன்பே தொட்டியில் கொட்டினாள். ராயப்பராஜ் கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ, நல்லா ஊத்தப் பழகிட்ட செல்வி. கடைக்காரன் தோத்தான்," என்றார். அவள் குழாயைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ரிப்போர்ட் வாங்கியதிலிருந்து பதினெட்டாம் நாள், சனிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டாவது கிளாஸ்வரை காத்திருக்கவில்லை. முதல் கிளாஸைத் தொடும் முன்பே ஆரம்பித்தார்.

"புள்ளைக்கு ஒதடு நீலம் பாஞ்சிருச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஞானஸ்நானம் குடுக்கலையேன்னு திக்குன்னு இருந்துச்சு. அண்ணன்கிட்டச் சொன்னேன், அவரு மதுரையில போயிப் பாத்துக்கலாம்டான்னாரு. எனக்கு மனசு கேக்கல. நான்தான் வண்டிய நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரம் டீக்கடை. எறங்கி ஓடிப்போய் ஒரு தம்ளரு தண்ணி வாங்கிட்டு வந்தேன். அந்தாளு தம்ளரைக் குடுக்க மாட்டேன்னாரு, கையில இருந்த வாட்ச்சக் கழட்டி வச்சிட்டு வாங்கியாந்தேன். நெத்தியில ஊத்துனேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்லிக்கிட்டே ஊத்துனேன். பேரு வைக்கணும்ல. அமலின்னு வச்சேன்."

சகாயசெல்வி அடுப்பை அணைத்தாள்.

"அமலி," என்றாள்.

"ஆமா. வாடிப்பட்டி வர்றதுக்குள்ள போயிருச்சு. அஞ்சு நிமிசம், செல்வி. தண்ணிக்குப் போயி வந்த நேரம் அஞ்சு நிமிசம் இருக்கும். அந்த அஞ்சு நிமிசம் நிக்காமப் போயிருந்தா மதுரைக்குப் போயிருப்பமோ என்னவோ. அண்ணன் ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. சாகுற வரைக்கும் சொல்லல."

"என்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நான் வண்டிய நிறுத்துனேன்னா?"

அவர் அழவில்லை. அவள்தான் அழுதாள். ராயப்பராஜ் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். திண்டுக்கல்லுக்கே கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவரை ஒட்டிப் புதைத்ததாகச் சொன்னார். மரச் சிலுவை ஒன்று நட்டதாகவும், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அது இல்லை என்றும் சொன்னார். அன்றைக்கு அவர் ஒரே ஒரு கிளாஸ்தான் குடித்தார். மீதிப் பாட்டிலை அவரே தொட்டியில் ஊற்றினார். போதும் என்றார்.

அவள் முடிவு செய்தாள். காலையில் பூசை முடிந்து வந்ததும் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துவிடுவது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. திங்கட்கிழமை லீவு போட்டு மதுரைக்குப் போவது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது ராயப்பராஜ் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வாயிலிருந்து கறுப்பாக ரத்தம் கொட்டியது. வெள்ளை வேட்டி முழுக்க நனைந்தது. ஜனங்கள் கூடி ஆட்டோவில் ஏற்றினார்கள். திண்டுக்கல்லில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். கொடைரோடு, வாடிப்பட்டி எல்லாம் வந்து போயின. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எங்கேயும் நிறுத்தவில்லை.

மதுரையில் உள்ளே குழாய் விட்டு ரத்தக்குழாயை வளையம் போட்டுக் கட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த பெரிய டாக்டர் பழைய காகிதங்களைக் கேட்டார். சகாயசெல்வி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் தேதியைப் பார்த்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்க. ஒடனே வரச் சொல்லியிருக்கு. குடியை நிறுத்துங்கன்னு போட்டிருக்கு. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

ராயப்பராஜ் தலையணையிலிருந்து தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்காம் என்று அவள் சொன்னது அந்தப் பார்வையில் ஓடியதை அவள் கண்டாள். அவள் வாயைத் திறந்தாள்.

"அவங்க சொன்னாங்க டாக்டர்," என்றார் ராயப்பராஜ். குரல் கம்மியிருந்தது. "தெனமும் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

டாக்டர் திட்டினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சகாயசெல்வி மெஷினைக் கழுவித் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினாள். மேடையில் அந்த இடம் காலியாக இருந்தது. எண்ணெய்த் தூக்கை அங்கே நகர்த்தி வைத்தாள். ராயப்பராஜ் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். உப்பில்லாத சோற்றைக் குறை சொல்லாமல் தின்பார். மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவார். ஆறரை மணி வரும், போகும்.

ஒருநாள் அவள் மோர் கலக்கி வைத்துவிட்டு, "ஏங்க, செத்த நேரம் இங்க வந்து உக்காருங்களேன்," என்று கூப்பிட்டாள். அவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மோரைக் குடித்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அவள் ராக்கம்மாள் வீட்டுப் பேரப்பிள்ளை குப்புற விழுந்துவிட்டதைச் சொன்னாள். "ம்," என்றார். இரண்டு நிமிடம் கழித்து எழுந்தார்.

"நான் தெரிஞ்சேதான் ஊத்துனேன்," என்றாள் சகாயசெல்வி.

அவர் நின்றார்.

"தெரியும்."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"அதுவும் தெரியும்." சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நீ சொல்லியிருந்தாலும் நான் குடிச்சிருப்பேன். கடையத் தேடிப் போயிருப்பேன். ஆனா அது நானாப் போனதா இருந்திருக்கும்ல, செல்வி."

அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலைப் பிடித்திருப்பாள், அழுதிருப்பாள், ஏதாவது செய்திருப்பாள். அவர் ஹாலுக்குப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அவரே கூப்பிட்டார். ஆட்டோவில் போனார்கள். எங்கே பார்த்தாலும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் ஜனமுமாக இருந்தது. தெற்குச் சுவர்வரை போக அவர் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அங்கே போனபோது சுவரை ஒட்டி வரிசையாகச் சிமெண்ட் கல்லறைகள் இருந்தன. பளிங்கில் பெயர் வெட்டிய பெரிய பெரிய கல்லறைகள். எல்லாம் யார் யாரோ. அவர் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார்.

"இங்கதான்," என்றார். பிறகு, "இல்ல, இன்னும் தள்ளி. ஒரு வேம்பு இருந்துச்சு," என்றார். வேம்பு இல்லை. திரும்பி வந்தார். மறுபடி போனார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"போதும் வாங்க," என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும் செல்வி. நான் வந்திருக்கேன். வருசா வருசம் வந்திருக்கேன், ஒனக்குத் தெரியாம. நடுவுல ஒரு பத்து வருசம் விட்டுப்போச்சு."

இரண்டு கல்லறைகளுக்கு நடுவே ஒரு முழம் மண் வெறுமையாக இருந்தது. அவள் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெழுகுவர்த்தியை நட்டாள். காற்றில் அது நிற்கவில்லை. இரண்டு முறை ஏற்றினாள். பக்கத்துக் கல்லறைக்குப் பூப்போட வந்த ஒரு பெண், "யாருக்குங்க?" என்று கேட்டாள். ராயப்பராஜ் பதில் சொல்வார் என்று சகாயசெல்வி பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மகளுக்கு," என்றாள் அவள்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார்கள். பிப்ரவரியில் மஞ்சள் ஏறி நினைவு தப்பியது. நான்கு நாள் கிடந்தார். சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். அதன் மறுநாள் மத்தியானம் உயிர் போயிற்று. கடைசி நாட்களில் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சகாயசெல்வி காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். மில்லில் சாமான் பெயர்கள். போல்ட்டு, பெல்ட்டு, கிரீஸ் டப்பா. அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிட்டோ அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். எட்டாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின், பெட்டியை எடுக்கப் பரணில் ஏறியவன் அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டான். கீழே இறக்கி ஹால் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான்தாம்மா கொன்னுட்டேன்," என்றான். "நான் இதக் கொண்டாந்திருக்கக் கூடாது. தெனமும் குடிக்கன்னு நானே எடம் போட்டுக் குடுத்துட்டேன்." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். முப்பத்தொரு வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்கியது.

சகாயசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்படியே விட்டுவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரிடமே அவர் மறைத்துவிட்டார். மகன் கொஞ்ச நாள் அழுவான், ஆறிவிடுவான், அம்மா என்று பிரியமாகத்தான் இருப்பான். இதெல்லாம் அவள் மனசில் ஓடியது.

"நீ இல்லடா," என்றாள். "ஈரல் அதுக்கு முன்னாடியே போயிருச்சு. நிறுத்தச் சொல்லி டாக்டரு சொன்னாரு. என்கிட்டத்தான் சொன்னாரு. நான் அப்பாகிட்டச் சொல்லல. பதினெட்டு நாளு சொல்லாம ஊத்திக் குடுத்தேன்."

அவன் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஏன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டூல், இரண்டாவது கிளாஸ், அம்பாசிடர் கார், டீக்கடைத் தம்ளர், அக்காவுக்கு அமலி என்று பெயர் வைத்தது. அவனுக்கு ஒரு அக்கா இருந்து செத்தது தெரியும். அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது ஹாலில் இருட்டிவிட்டது. இருவரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"அதுக்காக?" என்றான் பிரிட்டோ கடைசியில். "அதக் கேக்குறதுக்காகவா, அம்மா?"

"ஆமா," என்றாள்.

அவன் எழுந்து அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெறும் கையோடு திரும்பி வந்தான். எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிளம்பும்போது வாசலில் அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். குனிந்து வாங்கிக்கொண்டான். "ஒடம்பப் பாத்துக்கம்மா," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். சாப்ட்டியா என்று கேட்பான். சாப்ட்டேன் என்பாள். அங்கே குளிரா என்று கேட்பாள். ஆமா என்பான். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோகும். யாரும் போனை வைக்க மாட்டார்கள். அவன் அறையில் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் லேசாகக் கேட்கும், துணி துவைக்கிறானோ என்னவோ. சகாயசெல்வி காத்திருப்பாள். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். "சரிம்மா, வைக்கட்டா?" என்பான். வை என்பாள்.